ஏரிக்கரைக்கு யார் ஓட்டுவது

இருங்கோ தம்பி, இருங்கோ. அந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். பையில் ஒன்றும் இல்லை, கத்தரிக்காயும் கறிவேப்பிலையும்தான். உடுப்பைப் பார்த்தால் ஆசுபத்திரி வேலை போல இருக்கிறது. வேலை முடிந்து வாறீர்களா, இனித்தான் போகிறீர்களா? இனித்தானா. அப்படியென்றால் நித்திரை கொள்ள மாட்டீர்கள். நல்லது. கண்ணை மூடினாலும் எனக்குக் குறையில்லை, காது திறந்துதானே இருக்கும்.

முன் சீற்றில், சாரதிக்குப் பக்கத்தில் நீலச் சேலையோடு இருக்கிறாவே, அவ என் மனைவி. தவமலர். ஒன்றாகத்தான் ஏறினோம். அவவுக்கு முன்னால் இருக்க விருப்பம், நான் பின்னால் வந்துவிட்டேன். சண்டை ஒன்றுமில்லை.

நான் பஸ்ஸில் போகிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் வான் நிற்கிறது. ஏழு பேர் வசதியாக இருந்து போகலாம். இந்த ஊரில் இப்போது எங்கே போனாலும் பார்க்கிங் பெரிய தலையிடி, அதனால்தான் பஸ். வேறு காரணம் இல்லை.

ஸ்காபரோவில் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், சபா அண்ணையைத் தெரியுமா என்று. சபாநாதன் என்றால் தெரியாது. சபா அண்ணை என்றால் தெரியும். யாழ்ப்பாணத்தில் நான் தபால் கந்தோரில் இருந்தவன், சைக்கிளைத் தவிர வேறொன்றும் உருட்டியதில்லை. இங்கே வந்து, நாற்பது வயதுக்கு மேலேதான் ஸ்டியரிங் பிடித்தேன். அந்தக் காலத்தில் எங்கள் கட்டடத்தில் வாகனம் வைத்திருந்த தமிழன் நான் ஒருவன்தான். விமான நிலையத்தில் யார் வந்து இறங்கினாலும் எனக்குத்தான் போன் வரும். பனிக்குள் எத்தனை பிள்ளைத்தாச்சிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். அதில் ஒரு பிள்ளை இப்போது டொக்டர். வழியில் கண்டால் இன்னும் நின்று கதைக்கும். இந்த நாட்டில் என்னுடைய ஆங்கிலத்துக்கு ஒருவரும் மரியாதை தரவில்லை, என்னுடைய சேர்ட்டிபிக்கற்றுக்கும் தரவில்லை. வாகனத்துக்குத் தந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஓட்டுவது எனக்கு வெறும் ஓட்டுவது இல்லை.

சரி, விஷயத்துக்கு வாறேன்.

சித்திரையில் ஒரு கலியாணம். மிசிசாகா பக்கம் ஒரு மண்டபம். நானும் தவமும் மட்டும்தான் போனோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். அந்த இடத்தில் ஹைவேயில் ஏறுகிற பாதையும், ஹைவேயிலிருந்து இறங்குகிற பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறான். யார் கீறின பிளானோ தெரியாது. நான் ஏறுகிற பாதை என்று நினைத்து மற்றதில் ஏறிவிட்டேன். கொஞ்சத் தூரம்தான். முன்னால் வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள், ஹோர்ன் அடித்தார்கள். இந்த ஊர் ஆட்களுக்குப் பொறுமை குறைந்துபோச்சு. நான் பதறவில்லை. அந்த ஒடுங்கின இடத்தில், அத்தனை வாகனத்துக்கு முன்னால், அவ்வளவு பெரிய வானை நான் திருப்பி எடுத்தது இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கீறல் இல்லை.

தவம் பக்கத்தில்தான் இருந்தவ. மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரைக்கும் வாயே திறக்கவில்லை. ஓட்டுகிறவனைக் குழப்பக்கூடாது என்று அவவுக்குத் தெரியும். மற்றப் பெண்கள் என்றால் கத்தியிருப்பார்கள். வாசலில் இறங்கும்போது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினா. அதற்குப் பிறகு அவவுக்கு முழங்கால் நோ தொடங்கிவிட்டது. முன் சீற்றில் காலை நீட்ட இடம் காணாது என்று பின்னால்தான் இருப்பா. வயது போனால் முழங்கால் அப்படித்தான்.

கலியாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில் என் மகள் கௌசிகா வந்தாள். "அப்பா, வான் திறப்பைத் தாங்கோ, சேர்விசுக்குக் குடுக்கப் போறன்" என்றாள். கொடுத்தேன். வான் திரும்பி வந்தது, திறப்பு வரவில்லை, சாவி இல்லாமல் வானை என்ன செய்வது? கேட்டால், "இந்தக் கோடைக்கு லீவு எடுங்கோ அப்பா. எங்க போக வேணும் எண்டாலும் ஒரு சத்தம் போடுங்கோ, நாங்கள் வாறம்" என்கிறாள்.

"ஏன், நான் ஆருக்கும் இடிச்சனானோ?"

"இடிச்சாப் பிறகு எடுக்கிறதோ அப்பா?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஹைவே விஷயம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது? நீங்களே யோசித்துப் பாருங்கள். வானுக்குள் இருந்தது இரண்டே பேர். நானும் தவமும். நான் சொல்லவில்லை. அப்போ யார்? கமரா. என் மருமகன் நிரூபன் போன வருசம் பிறந்தநாளுக்கென்று ஒரு கமரா வாங்கி, வானின் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டவர். "மாமா, ஆராவது உங்களில இடிச்சா உதவும்" என்றார். உதவினது யாருக்கு என்று பார்த்தீர்களா? அன்றைக்கே அதைப் பிடுங்கிக் கரண்டி வைக்கிற குசினி லாச்சிக்குள் போட்டு மூடினேன். தவம் பார்த்துக்கொண்டு நின்றவ. "அது என்ன பாவம் செய்தது?" என்று மட்டும் கேட்டா.

நிரூபன் நல்ல பிள்ளைதான். குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஒன்றும் கதைக்க மாட்டார், பார்ப்பார். அப்படிப் பார்க்கிற ஆட்களோடு எனக்குச் சரிவராது.

இனித்தான் விஷயம். ஒவ்வொரு யூலையிலும் நாங்கள் குடும்பமாக ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போவோம். ஏரிதான், ஆனால் அலை அடிக்கும், மணல் இருக்கும், அதனால் பீச் என்றுதான் சொல்வோம். கோழி வாட்டுகிற அடுப்பு, இடியப்பம், சம்பல், றோல்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம். ஓட்டுவது நான். எல்லா வருசமும் நான். பிள்ளைகள் பின்னால் இருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள், நான் ஓட்டுவேன்.

இந்த வருசம் எங்கே போவது என்று கதைக்க ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கௌசி, நிரூபன், என் மகன் அனுஜன். கௌசிதான் தொடங்கினாள்.

"இந்த முறை சான்ட்பாங்ஸ் போவம். நல்ல மணல். காலமை வெளிக்கிட்டா மத்தியானத்துக்கு முதல் போயிடலாம். வானை இவர் ஓடுவார்."

இவர் என்றால் நிரூபன். என் வீட்டில், என் மேசையில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு. என்னுடைய வானை.

நான் ஒன்றும் காட்டவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. எப்படிப்பட்ட யோசனை என்று கேளுங்கள்.

"அந்தப் பக்கம் நிறைய வைன் தோட்டங்கள் இருக்காமே" என்றேன்.

அனுஜன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "என்னப்பா?"

"திராட்சை போட்டு, அங்கயே வைன் செய்து, அங்கயே ருசி பாக்கக் குடுக்கிறாங்களாம். நாலைஞ்சு இடத்தைப் பாத்திட்டுப் பிறகு பீச்சுக்குப் போவம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் குடித்ததில்லை. ஒரு சொட்டும் இல்லை. கோயில் நிர்வாக சபையில் இருந்தவன். என் தங்கச்சி மகனின் வரவேற்பில் சாராயப் போத்தல் திறந்தார்கள் என்று, சாப்பிடாமல் எழும்பி வந்தவன். அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னோடு அவ்வளவு கதை இல்லை.

கௌசி தாயைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலோ?"

"எனக்கென்ன தெரியும்" என்றா தவம். "கோயில் நிர்வாக சபையிட்டக் கேள்."

எல்லோரும் சிரித்தார்கள், நிரூபன் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, நீங்களும் குடிப்பியளோ?" என்று கேட்டார்.

"எனக்கேன்? நீங்கள் இளம் ஆக்கள், நீங்கள் குடியுங்கோ. வடிவா ருசிச்சுப் பாருங்கோ. நான் வெளியில காத்தோட்டமா இருப்பன்."

விளங்குகிறதா தம்பி? நிரூபன் குடிப்பார், அனுஜன் குடிப்பான், கௌசியும் இப்போதெல்லாம் ஒரு கிளாஸ் எடுக்கிறாள், நான் காணாத மாதிரி இருப்பேன். தவத்துக்கு வாகனம் ஓடத் தெரியாது. நாலு வைன் தோட்டத்தில் ஏறி இறங்கினால் யார் ஓட்டுவது? பொலிஸ் சும்மா விடுவானா? அந்த நேரம் கௌசி தானாகவே பையைத் திறந்து, "அப்பா, இந்தாங்கோ திறப்பு" என்று தர வேண்டும். நான் கேட்கக்கூடாது. அவள் தர வேண்டும். அங்கேயிருந்து பீச்சுக்கும், பீச்சிலிருந்து வீட்டுக்கும் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினால், அதற்குப் பிறகு இந்தக் கதை இல்லை. முடிந்தது.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அனுஜன் பீச்சுக்கு முதலில் போக வேண்டும் என்றான்.

"காலமை வெயில் ஏறமுதல் குளிச்சிட்டு, பின்னேரம் வைனுக்குப் போவம் அப்பா. காலமையில ஆரும் வைன் குடிப்பினமோ?"

"பின்னேரம் பூட்டிடுவாங்கள்."

"பூட்ட மாட்டாங்கள். இஞ்ச போட்டிருக்கு."

"முதல் வைன்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "முதல் வைன், பிறகு பீச். இல்லையெண்டா நான் வரேல்லை."

தவம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. அவ பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கௌசியின் முகம் மாறிவிட்டது. கண் கலங்கின மாதிரி இருந்தது. "சரி அப்பா. நீங்கள் ஒண்டையும் ஆசைப்பட்டுக் கேட்டதே இல்லை. முதல் வைன்" என்றாள்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நாள் போகவே இல்லை. ஒவ்வொரு நாளும் வானைக் கழுவினேன். டயருக்குக் காற்றுப் பார்த்தேன். திறப்பு இல்லாவிட்டால் என்ன, கதவு பூட்டியில்லைத்தானே, உள்ளே ஏறி இருந்து கண்ணாடிகளைச் சரிபார்ப்பேன். ஒருநாள் தவம் குப்பை போட வந்து கண்டுவிட்டா. "சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனா. அவ என் பக்கம்தான் என்று எனக்கு அப்போது நிச்சயம்.

போகிற நாள் காலமை, அடுப்பையும் பெட்டியையும் வாசலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. புது வான். அதிலிருந்து ஒரு பெடியன் இறங்கி, "வணக்கம் ஐயா, நான் யூட்" என்று சொல்லி அடுப்பைத் தூக்கப் போனான்.

"ஆர் நீர்?"

"டிரைவர் ஐயா."

கௌசி ஓடி வந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. "அப்பா, உங்களுக்குச் சொல்லாமல் வச்சிருந்தனாங்கள். வைன் தோட்டத்துக்குப் போறவை எல்லாரும் இப்பிடித்தான், டிரைவரோட வான் எடுக்கிறது. எல்லாரும் குடிச்சா ஆர் ஓடுறது? நீங்களும் எத்தினை வருசம் எங்களுக்கெண்டு ஓடிட்டியள். இண்டைக்கு வடிவா சாய்ஞ்சு இருங்கோ. ஒரு கிளாஸ் குடிக்க ஆசையெண்டா குடியுங்கோ, ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

எனக்குக் குடிக்க ஆசை என்று நினைத்துவிட்டார்கள் தம்பி. நான் அத்தனை பிடிவாதம் பிடித்தது, வெட்கத்தில் சொல்ல முடியாமல் சுற்றி வளைத்துக் கேட்கிறேன் என்று.

"அனுப்பு அவனை" என்றேன். "எங்கட வான் நிக்குது."

"புக் பண்ணியாச்சு அப்பா. நிரூபன்ர யோசனை."

நிரூபன் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் திட்டம் விளங்கிவிட்டதா, அல்லது அவரும் அப்படித்தான் நினைத்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுப்பு ஏறிவிட்டது. தவம் ஏறிவிட்டா. நான் மட்டும் வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான். ஏறினேன்.

அந்த யூட் எப்படி ஓட்டினான் என்று கேட்கிறீர்களா? நான் அவனுக்கு நேர் பின்னால் இருந்தேன். ஒரு பிழை பிடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போனேன். லேன் மாறினால் கண்ணாடி பார்க்கிறான், தலையைத் திருப்பிப் பார்க்கிறான், சிக்னல் போடுகிறான். வேகம் கூடவில்லை, குறையவில்லை. "தம்பி, இடப்பக்கம் ஒருத்தன் வாறான்" என்பேன். "கண்டுட்டன் ஐயா" என்பான். "தம்பி, முன்னால பிரேக் அடிக்கிறான்." "ஓம் ஐயா." கடைசியில் அனுஜன், "அப்பா, அவரை ஓட விடுங்கோவன்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் தவம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. என் வானில் அவ ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. எத்தனை தூரம் போனாலும் விழித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் துணையாக இருப்பா. இவனுக்கு ஏன் துணை இருக்க வேண்டும் என்று படுத்துவிட்டா போல.

முதல் வைன் தோட்டத்தில் இன்னொன்று நடந்தது. கௌசி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், மறுக்க முடியவில்லை. ஒரு நீளமான மேசை. அதன் பின்னால் ஒரு பிள்ளை நின்று, கிளாசுக்குள் அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்றுகிறது. அதை மணந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கிற சட்டிக்குள் துப்புகிறார்கள். நிரூபனும் துப்பினார். நாலு பேர் நடுவில், மரியாதையான மனிசர், துப்புகிறார்கள். நான் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாகனம் ஓட வேண்டியவர்கள் துப்புவார்கள், அதில் ஒரு குறையும் இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னது. அப்படியென்றால் யூட் வராவிட்டாலும் என் திட்டம் சட்டிக்குள்தான் போயிருக்கும். குடிக்காதவன் போட்ட திட்டம், வேறெப்படி இருக்கும்?

மூன்றாவது தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. மேலே கட்டடம், பிறகு வரிசை வரிசையாகத் திராட்சை, கீழே ஏரி. ஏரி என்றால் மறுகரை தெரியாது. வாகனம் நிறுத்துகிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு சின்ன ரோட்டு இறங்கிப் போகிறது. ஒரு வாகனமும் இல்லை.

"நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு நான் வானுக்குள்ளேயே இருந்தேன். எல்லோரும் போனார்கள். வெயில். யூட் சொன்னான்: "ஐயா, ஏசி ஓடட்டும். அம்மா இடியப்பம் கட்டித் தந்தவ, அந்த மரத்துக்குக் கீழ இருந்து சாப்பிட்டிட்டு வாறன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. திறப்பு அதிலேயே தொங்குகிறது. சாரதி சீற் வெறுமை.

நான் களவெடுக்கப் போகவில்லை தம்பி. இறங்கி, முன்னால் போய், கதவைத் திறந்து ஏறினேன். அவ்வளவுதான். யூட் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறான். சீற்றைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். கண்ணாடியைச் சரிபார்த்தேன். புது வான், ஸ்டியரிங் மெத்தென்று இருந்தது. ஏரி வரைக்கும் போய் வருவது. அவ்வளவுதான். இவர்கள் வெளியே வரும்போது நான் கீழேயிருந்து ஏறி வருவேன், பார்ப்பார்கள், வாகனம் ஒழுங்காக வந்து நிற்கும். யூட் என்ன சொல்வான்? கௌசி என்ன சொல்வாள்? சொல்ல ஒன்றும் இருக்காது. கையை கியரில் வைத்தேன். எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஏசிக் குளிர்.

அப்போதுதான் பார்த்தேன், தவம் வருகிறா. தனியாக. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கல்லில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வருகிறா. பின் கதவைத் திறந்தா. நான் இல்லை. முன்னால் பார்த்தா. என்னைக் கண்டா.

கத்தப் போகிறா என்று நினைத்தேன். யூட்டைக் கூப்பிடப் போகிறா என்று நினைத்தேன். இல்லை. பின் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, முன் கதவைத் திறந்து, எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தா. அந்த முழங்காலோடு. பெல்ற்றை இழுத்துப் போட்டா. அவவிடமிருந்து லேசாக வைன் மணந்தது.

"எங்க போறம்?" என்று கேட்டா.

"சும்மா, ஏரி மட்டும் போயிட்டு வருவம்."

"சரி. எடுங்கோ."

எனக்கு வந்த சந்தோசம், தம்பி. இத்தனை நாளுக்குப் பிறகு பக்கத்தில் வந்து இருக்கிறா. "நீர் குடிச்சனீரோ?" என்று கேட்டேன், பகிடியாக.

"ரெண்டு மிடறு. கௌசி தந்தவள். புளிக்குது."

மேலே இருக்கிற பிடியை எட்டிப் பிடித்தா. இரண்டு கையாலும்.

"ஏன் பிடிக்கிறீர்? நான் இன்னும் எடுக்கேல்லை."

"பயத்தில."

"பயமெண்டா ஏன் ஏறினனீர்?"

"நீங்கள் தனியப் போகக்கூடாது. அதுக்குத்தான்."

நான் அவவைப் பார்த்தேன். அவ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா, சத்தம் போடாமல், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற மாதிரி:

"பிள்ளையளிட்ட நான்தான் சொன்னனான். கமரா இல்லை. நிரூபன் இல்லை. நான்தான்."

"என்னத்தைச் சொன்னனீர்? நான் திருப்பி எடுத்தனே, அதைச் சொன்னனீரோ?"

"நீங்கள் திருப்பினது உங்களுக்கு ஞாபகம். அதுக்கு முதல் ஒரு லொறி வந்தது."

"என்ன லொறி?"

"என்ர பக்கத்தால. கண்ணாடியில முட்டுற மாதிரி. பச்சை லொறி. பக்கத்தில பெரிசா ஒரு தக்காளிப்பழம் கீறியிருந்தது. நான் கையை நீட்டியிருந்தா அந்தத் தக்காளியில பட்டிருக்கும். அவன் தன்ர பாட்டில விலத்தினபடியால்தான் நாங்கள் இருக்கிறம். நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை. எனக்கு அண்டைக்கு லொறியில பயம் வரேல்லை. நீங்கள் காணேல்லை எண்டதிலதான் பயம் வந்தது."

நான் அவ பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"இப்ப எடுங்கோ" என்றா. "எடுக்கிறதெண்டா என்னையும் வச்சுக்கொண்டு எடுங்கோ."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரோட்டு வெறுமையாக இருந்தது. வெறுமை என்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். திரும்பவும் இடப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எஞ்சினை நிற்பாட்டினேன். திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, மரத்தடிக்கு நடந்து போய் யூட்டிடம் கொடுத்தேன்.

"ஏன் ஐயா, ஏசி கூடக் குளிரோ?" என்று கேட்டான், வாயில் இடியப்பத்தோடு.

"ஓம் தம்பி, குளிர்" என்றேன்.

அதற்குப் பிறகு பீச்சுக்குப் போனோம். கோழி வாட்டினார்கள். தவம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றா. நான் மணலில் கதிரை போட்டு இருந்தேன். நிரூபன் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, "மாமா, ஒரு றோல் சாப்பிடுங்கோவன்" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை மீது நான் வீணாகப் பழி போட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் ஒன்றும் வாய்விட்டுச் சொல்லவில்லையே.

இரண்டு கிழமையில் கௌசி வந்து வான் திறப்பை மேசையில் வைத்தாள். "அம்மா குடுக்கச் சொன்னவ" என்றாள். அது இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. பார்க்கிங் தலையிடி என்று சொன்னேன்தானே.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் தம்பி? வாழ்க்கையில் முதல்முதலாக இரண்டு மிடறு வைன் குடித்த பெண், வெயிலுக்குள் நடந்து வந்தவ, என்னென்னவோ சொல்லுவா. அதை எப்படி நம்புவது? லொறி என்றால் சின்னச் சாமானா? நான் எத்தனை வருசம் ஓட்டினவன். லொறி வந்திருந்தால் கண்டிருப்பேன்தானே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தத் தக்காளிப்பழம் இருக்கிறதே, அதுதான் என்னை விடுகிறதில்லை. இல்லாத லொறிக்கு யார் தக்காளிப்பழம் கீறுவார்கள்? வெறும் லொறி என்று மட்டும் சொல்லியிருந்தால், சரி, பயத்தில் ஏதோ சொல்கிறா என்று விட்டிருப்பேன். பச்சை என்றா. பக்கத்தில் தக்காளி என்றா.

அதனால்தான் நான் பின்னால் இந்த ஜன்னல் கரையில் இருக்கிறது. இங்கேயிருந்தால் ரோட்டு நல்லாகத் தெரியும். அப்படி ஒரு கொம்பனி இருந்தால் லொறி இந்தப் பக்கமும் வரத்தானே வேண்டும். சந்தைக்கு வரும், கடைகளுக்கு வரும். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். வாழைப்பழம் கீறின லொறி வருகிறது, பால் லொறி வருகிறது, கோழி லொறி வருகிறது. அதை மட்டும் இன்னும் காணவில்லை. இல்லையென்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு இறங்க இன்னும் நேரம் இருக்குத்தானே. ஓர் உதவி செய்யுங்கள் தம்பி. நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கோ.